சிம் மாத்தப் போறியா கண்ணு?

கொல்லிமலையில் எந்தக் கம்பெனி சிம் நல்லது என்று செம்மேட்டுக் கடைக்காரரிடம் கேட்காதே கண்ணு. அவர் கடை வாசலில் எடுக்கிற சிக்னல் உன் மிளகுத் தோட்டத்தில் எடுக்கும் என்பதற்கு அவர் பொறுப்பில்லை. நீ மாற நினைக்கிற கம்பெனியின் சிம் வைத்திருக்கிற சொந்தக்காரர் யாரையாவது வரச்சொல்லி, உன் வீட்டுத் திண்ணையிலும் தோட்டத்திலும் நின்று பேசிப் பார்க்கச் சொல். பிறகு மாறு.

நம்பர் போய்விடுமே என்ற பயம் வேண்டாம். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க, நம்பரை வைத்துக்கொண்டே கம்பெனி மாறலாம். நீ வாடகைக்கு விடுகிற அறையின் போர்டில் இருக்கிற நம்பரை அழித்து எழுத வேண்டியதில்லை.

பழைய சிம்மிலிருந்து ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று அடித்து, இடம் விட்டு உன் 10 இலக்க நம்பரைப் போட்டு 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பு. சிக்னல் உள்ள இடமாகப் பார்த்து அனுப்பு. 8 எழுத்துக் கோடு ஒன்று வரும். 4 நாள்தான் செல்லும். அதனால் புதுக் கம்பெனிக் கடையில் அந்தக் கோடைக் கொடுக்க மலையிலிருந்து கீழே இறங்குகிற தேதி முடிவான பிறகே கேள். பழைய கம்பெனியில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும். சிம் தொலைந்து மாற்று சிம் வாங்கியிருந்தால் 7 நாள் பொறு. பிரீபெய்டில் மிச்சமிருக்கும் காசு போனதுதான், முடிந்தவரை பேசித் தீர்த்துவிடு. 'ஒரு மணி நேரத்தில் மாறிடும்' என்பார்கள். தமிழ்நாட்டுக்குள் மாறவே 3 வேலை நாள்.

மாறிய பிறகு சில சமயம் ஒரு கூத்து நடக்கும். பாதிப் பேர் கூப்பிட்டால் வரும், மீதிப் பேருக்கு 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்று வரும். ஏன் தெரியுமா? முன்னெல்லாம் நம்பரின் முதல் இலக்கங்களைப் பார்த்தே எந்தக் கம்பெனி என்று தெரிந்துவிடும். இப்போது, கூப்பிடுகிறவரின் கம்பெனிதான் இணைப்புக்கு முன்னால் மாறிய நம்பர்களின் பட்டியலைத் தேட வேண்டும். அதில் உன் நம்பருக்கு நேரே புதுக் கம்பெனியின் வழி எண் இருக்கும். அதைச் சேர்த்து அனுப்பினால்தான் அழைப்பு சரியான இடம் வரும். அங்கே இன்னொரு பதிவேடு, உன் போன் கடைசியாக எந்தப் பகுதியில் பதிவானது என்று சொல்லும். அப்புறம் அந்தப் பகுதி டவர்கள் உன்னைத் தேடும், மணி அடிக்கும். எல்லாம் சில நொடி. பெங்களூர் நம்பர்க்காரர் இங்கே ஆகாய கங்கை அருவிப் படியில் நின்றாலும், அவருக்கு வரும் அழைப்பு முதலில் அவர் சொந்தக் கம்பெனிப் பதிவேட்டைக் கேட்டுவிட்டுத்தான் இங்கே தேடும்.

ஆகவே ஒரே கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் நீ கிடைக்கவில்லை என்றால், பெரும்பாலும் அவர்கள் பக்கப் பட்டியல் பழசாக இருக்கும். உன் கஸ்டமர் கேரோடு மல்லுக்கட்டாதே. கூப்பிடுகிறவர்களை அவர்கள் கம்பெனியில் புகார் சொல்லச் சொல்.

நாமக்கல் மிளகு வியாபாரி கடை லேண்ட்லைனிலிருந்து கூப்பிட்டுக் கிடைக்கவில்லை என்றால் சிம்மைத் திட்டாதே. லேண்ட்லைனிலிருந்து செல்லுக்கு அடிக்க, 2021 ஜனவரி 15 முதல் முன்னால் 0 போட வேண்டும்.