முதல் பயணத்தின் சாட்சிகள்

2007ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், மலேசிய நேரப்படி இரவு மணி 9.22. கஜகஸ்தான் நாட்டின் பைக்கோனூர் ஏவுதளத்திலிருந்து சோயுஸ் டி.எம்.ஏ-11 என்னும் விண்கலம் விண்ணை நோக்கிப் பாய்ந்தது. அதில் சென்ற மூவருள் ஒருவர் மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாபார் ஷுக்கோர். மக்கள் அக்காட்சியைத் தொலைக்காட்சியில் நேரடியாகக் கண்டு மகிழ்ந்தனர். மறுநாள் கெடா மாநிலத்தின் அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி, கூலிம் போன்ற நகரங்களிலும் அவற்றைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் நாளிதழ்கள் இச்செய்தியைத் தாங்கி வந்தன. சில வாரங்களில் அவற்றுள் பெரும்பாலானவை பொட்டலம் கட்டவும் அலமாரித் தட்டில் விரிக்கவும் போயிருக்கும். யாரேனும் பத்திரப்படுத்திய பிரதி ஒன்று இருந்தால், அது இன்று அந்நாளின் சாட்சி.

விண்வெளிப் பயணங்களில் இத்தகைய சிறு பொருள்களுக்குத் தனி மதிப்பு உண்டு. சோயுஸ் கலம் ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் பறக்கும். அதன் முதல் பயணமே இறுதிப் பயணமும் ஆகும். ஏவூர்தியின் பாகங்கள் வழியிலேயே கழன்று விழுந்துவிடும். வீரர்கள் அமர்ந்திருக்கும் சிறு கூடு மட்டுமே தரைக்குத் திரும்பும். அதை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே, அஞ்சல்தலை, முதல் நாள் உறை, சின்னம், நாளிதழ் போன்றவற்றையே ஆர்வலர்கள் சேகரிக்கின்றனர்.

இப்பொருள்களை இரு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, பயணத்தின் நினைவாகப் புவியிலேயே தயாரிக்கப்படுபவை. அமெரிக்காவின் கொலம்பியா விண்ணோடம் 1981ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் முதன்முறையாகப் பறந்தது. அடுத்த மாதமே அந்நாடு விண்வெளிச் சாதனைகளைப் போற்றும் எட்டு அஞ்சல்தலைகளை வெளியிட்டது. இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா 1975ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் ஏவப்பட்டது. அதன் படம் அஞ்சல்தலையில் மட்டுமின்றி, பின்னர் இந்தியாவின் 2 ரூபாய்த் தாளிலும் இடம்பெற்றது. காய்கறி வாங்கச் சென்றவர்களின் கைகளிலும் ஒரு விண்வெளி நினைவுப்பொருள் இருந்தது!

இரண்டாம் வகை, விண்ணுக்கே சென்று வந்தவை. 1983ஆம் ஆண்டு சேலஞ்சர் விண்ணோடம் தன் மூன்றாம் பயணத்தில் 260,000க்கும் மேற்பட்ட அஞ்சல் உறைகளைச் சுமந்து சென்றது. அவை பின்னர் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. இவற்றைவிட வியப்பூட்டுவது ஒரு துணித்துண்டின் கதை. ரைட் சகோதரர்கள் 1903ஆம் ஆண்டு பறக்கவிட்ட விமானத்தின் இறக்கைத் துணியில் ஒரு துண்டு, 1969ஆம் ஆண்டு அப்போலோ 11 கலத்தில் நிலவுக்குச் சென்று திரும்பியது. அதே இறக்கைத் துணியின் மற்றொரு சிறு துண்டு இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரில் வைத்துச் செவ்வாய்க்கு அனுப்பப்பட்டது. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் அந்த ஹெலிகாப்டர் செவ்வாயில் முதன்முறையாகப் பறந்தது. புவியில் நிகழ்ந்த முதல் விமானப் பயணத்தின் நினைவுப்பொருள், வேற்றுக் கோளில் நிகழ்ந்த முதல் பயணத்திலும் பங்கு கொண்டது.

விண்ணுக்குச் சென்ற உறையும் செல்லாத உறையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றலாம். எது எங்கே சென்றது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்னும் பதிவே வேறுபாட்டைக் காட்டும். எனவே, இத்துறையில் நேர்மை மிக இன்றியமையாதது. 1971ஆம் ஆண்டு அப்போலோ 15 வீரர்கள் ஏறத்தாழ 400 உறைகளை அனுமதியின்றி நிலவுக்குக் கொண்டு சென்றனர். அவற்றுள் ஒரு பகுதியை வணிகர் ஒருவர் விற்றார். செய்தி வெளியானதும் வீரர்கள் கண்டிக்கப்பட்டனர். அவர்கள் மூவரும் மீண்டும் விண்ணுக்குச் செல்லவே இல்லை.

பொருளின் மதிப்பு அதன் பதிவில் உள்ளது என்பதைக் கெடா மாநிலமே நமக்குக் கற்பிக்கிறது. ஜெராய் மலையடிவாரத்திலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்கால மணிகளும் மட்பாண்டத் துண்டுகளும் கிடைத்துள்ளன. ஒரு மணி எந்த இடத்தில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்னும் குறிப்பு இருந்தால்தான் ஆய்வாளர்கள் அதன் காலத்தை ஆராய முடியும். குறிப்பு இல்லையேல் அது வெறும் மணிதான்.

சேகரிக்க விரும்பும் மாணவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு பொருள் கிடைத்த அன்றே நாள், இடம், கொடுத்தவர் ஆகிய விவரங்களைத் தனித்தாளில் பென்சிலால் எழுதி உடன் வைக்க வேண்டும். நாளிதழை மடிப்பு குறைவாக, வெயில் படாத இடத்தில் வைப்பது நலம். ஒட்டு நாடா நாளடைவில் தாளைக் கறைப்படுத்தும். பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டிவிட்டால் தாளைத் திரும்பப் பிரிக்க இயலாது. நம் நாட்டின் ஈரக்காற்றும் கரையானும் இராமபாணப் பூச்சியும் தாளின் பகைவர்கள். ஆகவே, தரையில் வைக்காமல், இறுக மூடும் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வைக்க வேண்டும்.

இவ்வழக்கம் விண்வெளிப் பொருள்களுக்கு மட்டும் உரியதன்று. தோட்டங்களை விட்டுக் குடும்பங்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தபோது பழைய சம்பளச் சீட்டுகள், தோட்டப் பள்ளியின் சான்றிதழ்கள், நிழற்படங்கள் எனப் பல தாள்கள் குப்பைக்குச் சென்றன. எஞ்சியிருப்பவை இன்றும் தாத்தா பாட்டியின் தகரப் பெட்டியில் இருக்கக்கூடும். அவற்றிலுள்ள முகங்களின் பெயர்களைச் சொல்லக்கூடியவர்களும் அவர்களே. அவர்களிடம் கேட்டு இன்றே எழுதி வைப்பது இளையோரின் கடமையாகும்.