திரைக்கு வெளியே ஓர் இடம்

மலாய் மொழியில் 'தானா ராத்தா' என்றால் சமநிலம். 1885ஆம் ஆண்டு இம்மலைப்பகுதியை அளக்க வந்த வில்லியம் கேமரன், இங்கு ஒரு மேட்டுநிலத்தைக் கண்டதாக எழுதினார். வரைபடத்தில் மட்டும் அதன் இடத்தைத் தெளிவாகக் குறிக்காமல் விட்டுவிட்டார்.

கணினித் திரையும் ஒரு வரைபடம்தான். சுட்டெலியின் அம்புக்குறி நிற்குமிடத்தை இரண்டு எண்கள் காட்டுகின்றன. கணிதத்தில் நீங்கள் கற்ற அச்சுத்தூரமே இது. ஆனால், திரையில் பெரும்பாலும் தொடக்கப்புள்ளி இடப்பக்க மேல்மூலையில் இருக்கும். கீழே செல்லச் செல்ல இரண்டாம் எண் கூடும். எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குவதால், 1366 புள்ளி அகலமுள்ள திரையின் கடைசிப் புள்ளி 1365. பலர் தடுக்கி விழும் இடம் இது.

மனிதக் கைக்குப் பதிலாக நிரலே அம்புக்குறியை நகர்த்திச் சொடுக்குவதும் உண்டு. பைத்தான் மொழியில் இதற்கெனக் கருவிகள் உள்ளன.

ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தைக் கற்பனை செய்யுங்கள். தொழிலாளர் பறித்த கொழுந்தின் எடையை நிரல் ஒன்று படிவத்தில் பதிகிறது. பெரிய திரையில் எழுதப்பட்ட அந்நிரல் இப்போது 1366 புள்ளி அகலமுள்ள மடிக்கணினியில் ஓடுகிறது. அடுத்த கட்டத்தைச் சொடுக்க அது 1500ஆம் புள்ளிக்குப் போக முயல்கிறது. விண்டோஸ் அம்புக்குறியைத் திரை விளிம்பிலேயே நிறுத்திவிடும். பிழைச் செய்தி வராது. சொடுக்கு விளிம்பிலுள்ள உருள்பட்டையில் விழுகிறது. முந்தைய கட்டமே இன்னும் திறந்திருப்பதால், ஒருவரின் 32 கிலோவுக்குப் பின்னால் மற்றவரின் 28 ஒட்டிக்கொண்டு 3228 ஆகிறது. இரண்டாமவருக்கோ அன்றைய எடையே இல்லை. எடைக்கேற்பக் கூலி என்றால் அவர் கதி என்ன?

குறை எண் வந்தால் தள்ளிவிடலாமே என்று தோன்றும். அதுவும் சரியன்று. முதன்மைத் திரைக்கு இடப்பக்கம் இன்னொரு திரையை இணைத்தால், விண்டோஸில் அத்திரையின் புள்ளிகள் குறை எண்களாகவே அமையும். மேக் கணினியின் சில நிரல் தொகுப்புகளோ கீழ்மூலையிலிருந்து அளக்கின்றன. ஆகவே, அம்புக்குறியை நகர்த்துமுன் இணைந்துள்ள எல்லாத் திரைகளின் எல்லைகளையும் இயங்குதளத்திடம் கேட்டறிய வேண்டும். இலக்கு எந்தத் திரையிலும் இல்லையென்றால் நிரல் அங்கேயே நின்று, எந்தத் தொழிலாளியின் பதிவில் நின்றது என்பதைக் காட்ட வேண்டும். அந்த எடையை எழுத்தர் கையால் பதிந்துவிடலாம்.