நாற்பதுக்கு மேல் டிகிரி: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பட்டினப்பாக்கத்துக்காரர்களுக்குப் படிக்க இடப்பஞ்சம் இல்லை. மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினால் ஐந்தாவது ஸ்டேஷன் சேப்பாக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம் அங்கேதான். சைதாப்பேட்டையில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். வெளியே கிளம்பவே முடியாது என்றால் ஆன்லைன் படிப்புகள். சேருவது சுலபம். மூன்று வருடம் படித்து முடித்த பிறகு, "இந்த டிகிரி இதுக்குச் செல்லாதுங்க" என்று கவுன்டரில் சொல்லும்போதுதான் வயிறு எரியும். அதனால் காலேஜில் தொடங்காதீர்கள். பட்டத்தை எந்த மேஜையில் கொண்டுபோய் வைக்கப் போகிறீர்களோ, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

செய்ய வேண்டியவை

1. எதற்காகப் படிக்கிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள். பதவி உயர்வு, அரசுத் தேர்வு, வக்கீல் தொழில், மனத்திருப்தி என்று ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. மனத்திருப்திக்கு மட்டும்தான் என்றால் கீழே உள்ள பயங்களில் பாதி உங்களுக்கு இல்லை. பிடித்த தமிழையோ வரலாற்றையோ தாராளமாக எடுங்கள்.

2. அரசு வேலை என்றால் டி.என்.பி.எஸ்.சி.யின் கடைசி நோட்டிபிகேஷனை முதலில் படியுங்கள். குரூப் 2 பதவிகள் பலவற்றில் பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு உச்ச வயது வரம்பு கிடையாது, 60 நிறையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு வரம்பு உண்டு. வயது தாண்டியிருந்தால் அந்தக் கனவுக்காக ஃபீஸ் கட்ட வேண்டாம்.

3. பத்தாவதும் பிளஸ் டூவும் கையில் இல்லையா? முதலில் அவற்றை முடியுங்கள். அவை இல்லாமல் திறந்தநிலையில் வாங்கிய பட்டம் தமிழ்நாட்டில் அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009-லேயே அரசாணை வந்துவிட்டது. முதல் பட்டமே இல்லாமல் நேராக எம்.ஏ. வாங்கியவரின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதே வருடம் கைவிரித்துவிட்டது.

4. யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் உங்கள் பாடத்தின் பெயரைத் தேடுங்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருந்தால் மட்டும் போதாது. பாடம்வாரியாக, வருடம்வாரியாக இருக்க வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அங்கீகாரம் என்று 2022 மார்ச்சில் யு.ஜி.சி. எச்சரித்தது. பெரிய பெயர் காப்பாற்றாது.

5. ஆதாரிலும் பழைய மார்க் ஷீட்டிலும் பெயரைச் சரிபாருங்கள். இப்போது தொலைநிலை, ஆன்லைன் படிப்புக்கு டெப் ஐடி (யு.ஜி.சி. தொலைநிலைக் கல்விப் பிரிவின் மாணவர் அடையாள எண்) கட்டாயம். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறிய பெண்கள் மாட்டுவது இங்கேதான். அட்மிஷன் முடியும் வாரத்தில் திருத்த நேரம் இருக்காது.

6. ஃபீஸ் கட்டும் முன் 'ஸ்வயம்' தளத்தில் அந்தப் பாடத்தை இலவசமாகப் படித்துப் பாருங்கள். நான்கு வாரத்தில் கொட்டாவி வந்தால் மூன்று வருடம் தாங்காது.

7. ஏற்கெனவே ஒரு டிகிரி இருந்தால் முதுகலையை யோசியுங்கள். இன்னொரு பி.ஏ.வுக்கு மூன்று வருடம், எம்.ஏ.வுக்கு இரண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கவும் 2022 முதல் யு.ஜி.சி. அனுமதிக்கிறது, ஆனால் இரண்டும் நேர்வகுப்பு என்றால் வகுப்பு நேரங்கள் மோதக்கூடாது.

8. படிக்க ஓர் இடத்தை வீட்டுக்கு வெளியே பிடித்து வையுங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்தால் குக்கர் விசில் முதல் கூரியர் வரை எல்லாம் உங்களைத்தான் கூப்பிடும்.

செய்யக்கூடாதவை

1. கரஸில் சட்டம் படிக்கலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வக்கீலாக எல்.எல்.பி. வகுப்புக்கு நேரில் போக வேண்டும், 70 சதவீத வருகை வேண்டும். சென்னை அரசு சட்டக் கல்லூரியும் 2018-ல் ஹைகோர்ட் வளாகத்தை விட்டுப் புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் போய்விட்டது. தினமும் போய் வர முடியுமா என்று கணக்குப் போடுங்கள். இன்ஜினியரிங், நர்சிங், பார்மசியும் தொலைநிலையில் கிடையாது.

2. மனநலக் கவுன்சிலர் ஆகும் ஆசையில் தொலைநிலை சைக்காலஜியில் சேராதீர்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் முதல் சைக்காலஜி, நியூட்ரிஷன், மைக்ரோபயாலஜி போன்றவற்றைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்த யு.ஜி.சி. தடை போட்டுவிட்டது. பழைய விளம்பரத் தாள்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்.

3. "ஒரே சிட்டிங்கில் டிகிரி", "பழைய தேதி போட்டுத் தர்றோம்" என்பவரிடம் ஆதார் நகலைக்கூடக் கொடுக்காதீர்கள். வேலை கிடைத்த பிறகு பட்டம் அசல்தானா என்ற 'ஜெனுயின்னஸ்' சரிபார்ப்பு வரும். அன்றைக்கு வேலை போவதோடு போலீஸ் கேஸும் சேரும்.

4. ஏஜென்டின் ஜீ-பே நம்பருக்குப் பணம் அனுப்பாதீர்கள். ஃபீஸ் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு நேராகப் போய், அதன் பெயரிலேயே ரசீது வர வேண்டும்.

5. வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் 'ஸ்டடி சென்டர்' போர்டைப் பார்த்து உள்ளே நுழையாதீர்கள். மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநிலத்துக்கு வெளியே தொலைநிலைப் படிப்பு நடத்த முடியாது. இக்னோ மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் அதற்கு நாடு முழுக்க அனுமதி உண்டு.

6. ஆசிரியர் ஆக நினைத்தால் புதுமாதிரிப் பெயருள்ள டிகிரியை எடுக்காதீர்கள். 'பி.எஸ்சி. கணிதம்' என்றால் கேள்வி இல்லை. வால் சேர்ந்த பெயர் என்றால் இணைத்தன்மை அரசாணை கேட்பார்கள், அதைத் தேடி அலைவது நீங்கள்தான்.

7. அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டை மட்டும் நம்பித் தமிழ் மீடியத்தில் சேராதீர்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். தமிழில் படித்தால் நன்றாகப் புரியும் என்பதற்காகச் சேர்ந்தால், அது நல்ல காரணம்.

8. பெயருக்காக ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸில் குதிக்காதீர்கள். வயது வரம்பு இல்லை, ஜே.இ.இ. தேவையில்லை என்பது உண்மை. ஆனால் கணக்கும் புரோகிராமிங்கும் வாராவாரம் அசைன்மென்ட்டாக வரும், தேர்வை நேரில் போய் எழுத வேண்டும். தகுதித் தேர்வுக்கான நான்கு வாரப் பாடத்திலேயே உங்கள் தெம்பு தெரிந்துவிடும். அதுவரை வேலையை விட்டுவிடாதீர்கள்.

9. பாதியில் நிற்கும் பழைய டிகிரியை மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்காதீர்கள். பழைய அரியர்களை எழுதப் பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு அறிவிக்கும். இரண்டு பேப்பரில் முடிய வேண்டியதற்கு மூன்று வருடம் எதற்கு?

இன்றைக்கே மூன்று வேலை: அந்த ஒரு வரியை எழுதுங்கள், பத்தாவது மார்க் ஷீட்டை எடுத்து ஆதார் பெயரோடு ஒத்துப் பாருங்கள், யு.ஜி.சி. பட்டியலில் உங்கள் பாடம் இருக்கும் பக்கத்தைத் தேதியோடு பிரின்ட் எடுத்து ஃபைலில் போடுங்கள். அட்மிஷன் வருடத்துக்கு இரண்டு முறை, ஜனவரி வாக்கிலும் ஜூலை வாக்கிலும் திறக்கும். இந்த முறை விட்டாலும் ஆறு மாதத்தில் அடுத்தது வரும். தப்பான டிகிரியில் போன மூன்று வருடம் வராது.