பனிக்கோளம் செய்யப் புகும் குழந்தைகளுக்கு

அரைப் பரீட்சை முடிந்து விடுமுறை விடுகிற தறுவாயில், கண்ணாடிக்குள்ளே பனி பெய்கிற அந்தச் சின்னஞ்சிறு உலகத்தைத் தாங்களும் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை குழந்தைகளுக்குப் பிறந்துவிடுகிறது. பனிமழையைக் கண்ணால் கண்டறியாத நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதில் மோகம் உண்டாவது இயல்புதான். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால், கைவினை வகுப்பில் அவர்களோடு பழகி வருகிற எனக்கு வருத்தம் தருகிற விஷயம் ஒன்று உண்டு. எந்த முறையில் செய்வது என்ற தீர்மானம் அநேகமாக அவர்களுடையதாக இருப்பதில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை எதைச் செய்து பெயர் வாங்கியதோ அதுவே நாகரிகமாகிவிடுகிறது. அல்லது பெற்றோரின் அவசரம் அதை முடிவு செய்கிறது. களிமண்ணில் யானை பிடித்தால் துதிக்கையின் மடிப்புகள் வரையில் நகத்தால் கீறிக் காட்டுகிற சிறுமி ஒருத்தி, தன் யானையைத்தான் உள்ளே வைப்பேன் என்று கேட்டபோது, "அதெல்லாம் நேரம் பிடிக்கும்டி, எண்ணெயை ஊத்தி ஜிகினாவைப் போட்டா பளபளன்னு இருக்கும்" என்று தாயார் பேச்சை முடித்துவிட்டார். அந்தக் குழந்தையின் வாடிய முகமே என்னை இதை எழுத வைத்தது.

வழிகள் எவையென்பது எல்லோரும் அறிந்ததே. கடையில் அட்டைப் பெட்டியோடு கிடைக்கும் தயார்ச் சாமான்கள், தண்ணீரே இல்லாமல் பஞ்சும் தெர்மகோல் மணியும் இட்டு மூடுகிற உலர்ந்த கோளம், தண்ணீரில் சிறிது கிளிசரின் கலந்து செய்வது, எண்ணெயும் ஜிகினாவும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு உலர்ந்த கோளமே போதும், அதுவும் பிளாஸ்டிக் டப்பாவில். அந்தத் தெர்மகோலைத் தண்ணீருக்குள் மட்டும் இட்டுவிடக் கூடாது; அது மேலே போய் ஒட்டிக்கொள்ளுமே தவிர ஒருநாளும் இறங்காது. தயார்ப் பெட்டி அவசரக்காரர்களுக்கு உதவும். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

விஸ்தாரமாகப் பேச வேண்டியது எண்ணெய் முறையைப் பற்றித்தான். ஏனெனில் இன்று அதற்கு இருக்கிற கியாதி அதன் தகுதிக்குச் சற்றும் பொருந்தாதது. பேபி ஆயில் என்று விற்பது மணம் சேர்த்த கனிம எண்ணெய். தண்ணீரைவிடத் தடித்ததாகையால் அதில் போட்டது மெல்ல இறங்குகிறது என்பதும், தண்ணீரில் மிதந்து அடம்பிடிக்கும் ஜிகினாத் தூள் அதில் சமர்த்தாக அமிழ்ந்துவிடுகிறது என்பதும் வாஸ்தவம். முதல் நாள் அழகையும் நான் மறுக்கவில்லை. ஆனால், மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் எண்ணெயில் ஊறி உப்பி நெகிழ்கிறது. ஹாட் க்ளூவால் ஒட்டிய பொம்மை, எண்ணெய் பட்டுப் பட்டுப் பசை தளர்ந்து, ஒருநாள் தலைகீழாகக் கழன்று விழுகிறது. கழுவிய பாட்டிலை ஈரம் போகத் துடைக்காமல் விட்டிருந்தாலோ, அந்தத் தண்ணீர்த் துளிகள் எண்ணெய்க்கு அடியில் உருண்டை உருண்டையாகத் திரிந்து, ஜிகினாவைத் தம் மேல் அப்பிக்கொண்டு, கண்ணுக்கு உறுத்தலாக நிற்கின்றன. கசிந்த எண்ணெய் பள்ளி நோட்டுகளில் இறங்கினால் போக்க முடியாது. பாட்டில் உடைந்தால், கண்ணாடிச் சில்லோடு வழுக்கலும் சேர்ந்து தரையே அபாயமாகிறது. இவற்றைவிடக் கவலைக்குரியது, சிறு குழந்தை அந்த எண்ணெயை வாயில் வைத்துப் புரையேறிவிட்டால் அது நுரையீரலுக்குள் சென்று கடுமையான கேட்டை உண்டாக்கும் என்பது. இத்தனை ஆபத்தையும் விலைக்கு வாங்கிக்கொண்டு நாம் அடைவது என்ன? மினுமினுப்பு ஒன்றுதான். ஜிகினாவைப் பனி என்று ஒப்புக்கொள்ள என் கண் மறுக்கிறது. வெண்மையும் சாந்தமும் பனியின் லட்சணங்கள் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இந்தப் பொருள் எப்படிப் பிறந்தது என்பதை அறிந்தால் எங்கே கவனம் செலுத்த வேண்டும் என்பது விளங்கும். 1900-ஆம் ஆண்டு வாக்கில், வியன்னா நகரில் அறுவைச் சிகிச்சைக் கருவிகள் செய்துவந்த எர்வின் பெர்ட்ஸி என்பவர், மின்விளக்கின் வெளிச்சத்தை மிகுதிப்படுத்தும் பொருட்டு, செருப்புத் தைப்பவர்கள் விளக்கின் முன் வைத்துக்கொள்ளும் தண்ணீர்க் கோளத்தைப் பின்பற்றி, தண்ணீருக்குள் பலவகைத் துகள்களை இட்டுச் சோதித்தார். ரவையையும் இட்டார். வெளிச்சத்துக்கு அது பயன்படவில்லை. ஆனால் ரவை மெல்ல இறங்கிய காட்சி பனிப்பொழிவாக அவருக்குத் தோன்றவே, மரியாட்சல் தேவாலயத்தின் சிறிய உருவமொன்றை உள்ளே நிறுத்தினார். அவருடைய சந்ததியார் ஹெர்னால்ஸ் பகுதியில் இன்றும் அத்தொழிலை நடத்துகிறார்கள். அவர்கள் வெளியே சொல்லாமல் காத்துவரும் ரகசியம் பனித்துகளின் சேர்மானம் என்பது கவனிக்கத்தக்கது.

பிரதானமானது துகள். திரவத்தைத் தடிக்கச் செய்வதைவிடத் துகளை நுணுக்குவதே மேலான உபாயம்; ஏனெனில், நுண்ணிய துகளின் குறுக்களவு பாதியானால் அது இறங்கும் வேகம் நாலில் ஒரு பங்காகிறது. வீட்டில் ரவை வேண்டாம், ஊறி அழுகும். முட்டை ஓட்டைக் கொதிக்கவைத்து, உள்ளே இருக்கும் சவ்வை மிச்சமின்றி உரித்து, உலர்த்தி, அம்மியில் அரைக்கலாம். முட்டை புழங்காத வீடுகளில் கல்மாவுக் கோலப்பொடி நன்றாக உதவும், அரிசி மாவு மட்டும் கலந்திருக்கக் கூடாது. அரைத்ததை ஒரு தம்ளர் தண்ணீரில் கலக்கி, பத்து எண்ணுவதற்குள் அடியில் உட்கார்ந்துவிடும் கனத்த மணலை விட்டுவிட்டு, மேல்நீரை இன்னொரு தம்ளரில் வார்க்க வேண்டும். அதில் ஒரு நிமிஷத்துக்குள் படிவது நம்முடைய பனி. அதற்குப் பின்னும் பால்போல் நிற்பதைக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கோளம் கலங்கலாகவே இருக்கும். தண்ணீர் தெளியும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். குழந்தைகள் சலிப்படைவார்கள் என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். தம்ளரின் அடியில் வெள்ளை அடுக்கு படிவதை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிற குழந்தைகளை அவர்கள் பார்த்ததில்லை.

தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி ஊற்றினால் குமிழிகள் குறையும். உப்புத் தண்ணீர் ஊர்களில் டிஸ்டில்ட் வாட்டர் நல்லது. முந்நூறு மில்லி பாட்டிலுக்கு இரண்டு மேஜைக்கரண்டி கிளிசரின் போதும். கூடுதலாக ஊற்றினால் பனி திப்பிதிப்பியாகச் சேரும். உள்ளே நிறுத்தும் உருவம் சுடாத களிமண்ணாக இருந்தால் கரைந்துவிடும். குழாய் வேலைக்காரர்கள் பயன்படுத்தும் எம்-சீலைக் கையுறை அணிந்து பிசைந்தால், அந்த யானையை அதிலேயே பிடிக்கலாம், மூடியோடு சேர்த்தே நிறுத்தலாம். மறுநாள் வரையில் இறுக விட்டுவிட்டு, பாட்டிலின் புரியில் டெஃப்லான் டேப் சுற்றி மூட வேண்டும்.

ஆகையால், பெற்றோரே, குழந்தையின் கை எதை நாடுகிறது என்று முதலில் பாருங்கள். உருவம் பிடிப்பதில் அபிருசி உள்ளவன் உருவத்தோடு இருக்கட்டும். அளப்பதிலும் வடிப்பதிலும் லயிப்பவள் துகளோடு இருக்கட்டும். ஒரு கோளத்தை இருவர் சேர்ந்து செய்வதில் ஒரு குறைவும் இல்லை. எந்தக் கலையிலும் சுபாவத்துக்கு இசைந்த வேலையில்தான் பொறுமை தானாக வரும். இசையாத வேலையில் அதை அதட்டி வரவழைக்க முடியாது. நினைத்த தேதிக்குள் முடியாவிட்டால் முடியாமல் போகட்டும். படிப்பிலும் பிற்காலத் தொழிலிலும் எது தமக்கு இசையும் என்ற இதே கேள்வி அவர்களுக்கு வரப்போகிறது. அப்போது தம் விருப்பத்தைத் தாமே அறிந்து சொல்லும் தைரியம் இப்படிப்பட்ட சிறு காரியங்களில்தான் பழக வேண்டும்.

மூடும்போது சிறு குமிழி ஒன்று உள்ளே தங்கினால் விசனப்பட வேண்டாம்; வெயில் காலத்தில் தண்ணீர் விரிவதற்கு அந்த இடம் வேண்டும். முதல் இரவு பழைய செய்தித்தாளின் மேல் வைத்துக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அலமாரியில் வைக்கலாம், ஜன்னலில் வேண்டாம். நீர் நிறைந்த உருண்டைக் கண்ணாடி வெயிலைக் குவித்து, பக்கத்தில் இருக்கும் காகிதத்தையோ திரையையோ தீப்பற்றச் செய்யக்கூடும்.