கடலுக்காகக் காத்திருக்கும் காற்று

புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் 2018-இல் 'பிரத்யூஷ்', 2024-இல் 'அர்க்கா' என்னும் மீக்கணினிகள் நிறுவப்பட்டன. பருவமழைக் கணிப்பில் காற்றுமண்டலத்துக்கு ஒரு கணித மாதிரி, கடலுக்கு ஒன்று. இரண்டும் தனித்தனிச் செயலிகளில் ஓடி, குறித்த இடைவெளியில் விவரம் மாற்றிக்கொள்ள வேண்டும்: கடல் தன் மேற்பரப்பு வெப்பநிலையைத் தரும், காற்று, மழையையும் வெயிலையும்.

ரயில்வேக்காரனான எனக்கு இது ஒற்றைத் தடத்துக் கிராசிங். எதிர்வண்டி வந்து சேராமல் நம் வண்டி புறப்படாது. முந்தி வந்த வண்டிக்கு இன்னொரு எஞ்சின் மாட்டி லாபமில்லை. பிந்தும் மாதிரிக்கே கூடுதல் செயலிகள் தரவேண்டும். அதுவும் அளவோடுதான். கடலை மிகச் சிறு துண்டுகளாக்கினால், கணக்கைவிட அண்டைத் துண்டுகளோடு பேசுவதிலேயே நேரம் போய்விடும்.

பிந்தினால் என்ன என்பீர்கள். விதைப்புக்குப் பின் வரும் கணிப்பு விவசாயிக்கு எதற்கு? எனவே முழு ஓட்டத்துக்கு முன் சில நாட்களின் கணக்கை மட்டும் ஓட்டி, எந்த மாதிரி எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறதென்று அளந்து, செயலிகளைப் பங்கிட வேண்டும்.