உப்பில்லாத வெள்ளரிக் கோசுமல்லி

பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவக் கிராமங்களில் கருவாட்டுக் குழம்பு வைக்கும் நாளில், பக்கத்தில் வெள்ளரிக்காய் இருப்பது நல்லது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி அளவுக்குள், உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடே அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். அதனால் வெள்ளரியில் உப்பே வேண்டாம்.

இரண்டு கைப்பிடி பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடியுங்கள். இரண்டு பிஞ்சு வெள்ளரிக்காயை நன்றாகக் கழுவி, தோலோடு பொடியாக நறுக்குங்கள். நார்ச்சத்து தோலில்தான் அதிகம். காம்புப் பக்கம் ஒரு துண்டு கடித்துப் பாருங்கள், கடுங்கசப்பாக இருந்தால் அந்தக் காயை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். பருப்பையும் வெள்ளரியையும் கலந்து, அதில் சேர்க்கத் துருவிய மாங்காய், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் தேங்காய்த் துருவல் போதும். கடுகு, பச்சைமிளகாய் தாளிக்க ஒரு தேக்கரண்டி எண்ணெய்க்கு மேல் வேண்டாம். புளிப்பும் காரமும் இருந்தால் உப்பு இல்லாத குறை நாக்குக்குத் தெரியாது. தயிர் இல்லாததால், மீனோடு தயிர் சேர்க்காத வீடுகளுக்கும் இது பொருந்தும்.

மிக முக்கியமானது அரிவாள்மனை. மீனும் இறாலும் ஆய்ந்த அரிவாள்மனையில் வெள்ளரியை நறுக்கவே கூடாது. மீனை வேகவைக்கிறோம், வெள்ளரியைப் பச்சையாகத் தின்கிறோம். கிருமி நேரே வயிற்றுக்குப் போகும். தனிக் கத்தி இல்லையென்றால் காயை முதலில் நறுக்கி மூடி வைத்துவிட்டு, பிறகு மீனைத் தொடுங்கள். கழுவுவதற்கும் குடிக்கிற தண்ணீரே நல்லது.

உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இந்தக் கோசுமல்லியை அடிக்கடி செய்து கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.