உறைபனியும் நம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட உயிர்களும்



நீர்ப்பனிக் காலம் போய் உறைபனிக் காலம் வந்துவிட்டது. தலைக்குந்தாப் பக்கமும் காந்தல் பள்ளத்திலும் விடியற்காலையில் புல்தரை உப்புக் கொட்டினாற்போல் வெளுத்துக் கிடப்பதை நீங்கள் அறிவீர்கள். இந்த வாரம் ஞானப் பாடத்தோடு மாட்டுக் கொட்டகைப் பாடமும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். இரண்டும் ஒன்றே என்பது முடிவில் விளங்கும்.

சென்ற ஆண்டு நடந்த ஒன்றை வெட்கத்தோடு சொல்லுகிறேன். கர்த்தர் பிறந்த திருநாளுக்குக் குடில் கட்ட நல்ல வைக்கோலாக வாங்கி, களிமண் மாட்டுக்கும் கழுதைக்கும் கீழே மெத்தென்று பரப்பினோம். அதே வாரத்தில், கோயிலுக்குக் கீழே பால் விற்றுப் பிழைக்கும் ஒரு விதவைத் தாயின் கொட்டகையில், பிறந்து நாலு நாளான கன்று ஈரச் சிமெண்டுத் தரையில் விறைத்துச் செத்தது. கன்றைக் காணாத பசு மடி இறக்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு நின்றது. மீந்துபோன இரண்டு கட்டு வைக்கோலோ நம் கோயில் பின்கட்டில் சும்மா கிடந்தது! கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. நான் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

“மிருகத்துக்கு அழியாத ஆத்துமம் இல்லையே, சாமி, அதற்கு ஏன் இவ்வளவு கவலை?” என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் சர்வேசுரன் சிருஷ்டித்தவற்றை நம்மிடம் ஒப்புவித்தார். நாம் சொந்தக்காரர் அல்ல, கணக்குக் கொடுக்க வேண்டிய காரியஸ்தர். நீதிமான் தன் கால்நடையின் உயிரைக் கவனிப்பான் என்று பழமொழி ஆகமம் போதிக்கிறது. பகைவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தாலும் தூக்கிவிட வேண்டும் என்பது மோயீசன் கொடுத்த சட்டம். 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும், காரணமின்றி மிருகங்களை வதைப்பது மனித மேன்மைக்கே விரோதம் என்கிறது. மனிதர் துயர் துடைக்க வேண்டிய பணத்தை அவற்றுக்குச் செலவிடலாகாது என்றும் சேர்த்தே சொல்லுகிறது. ஏழையின் பசுவைக் காப்பது இரண்டு கடமையையும் ஒருங்கே நிறைவேற்றுவதாகும்.

இனிக் காரியத்துக்கு வருவோம். உறைபனி விழுவது எப்படி? மேகமும் காற்றும் இல்லாத இரவில், பூமி பகலில் வாங்கிய வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப்போல் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. ஆகையால் மேட்டு வயல் தப்பும். பள்ளத்து வயல் கருகும். மாலையில் வானம் தெளிந்து காற்று அடங்கினால் அன்றிரவே எச்சரிக்கை வேண்டும்.

செடிகளைப் பற்றி முதலில். உருளைக்கிழங்கின் இளஞ்செடி ஒரே இரவில் கருகும். முட்டைக்கோசும் கேரட்டும் கொஞ்சம் தாங்கும். நாற்றங்காலையும் தேயிலைக் கன்றுகளையும் பொழுது சாயுமுன்பே மூடிவிடுங்கள். தாகைச் செடி, மிலார், வைக்கோல், கோணி எதுவானாலும் சரி. மூடாக்கு தரைவரை இறங்கினால்தான் மண்ணின் சூடு உள்ளே தங்கும். பிளாஸ்டிக் தாளானால் இலையில் ஒட்டாதபடி குச்சி நட்டுப் போடுங்கள். வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். பகலில் நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுங்கள். ஈர மண் காய்ந்த மண்ணைவிட அதிக வெப்பத்தைச் சேர்த்து வைக்கும். தெளிப்பான் வைத்திருப்பவர்கள் பனி உருகும்வரை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். தண்ணீர் உறையும்போது விடுகிற சிறு வெப்பம் இலையைக் காக்கும். பாதியில் நிறுத்தினால் கேடு அதிகமாகும். உறைந்த செடிக்கு வெந்நீர் ஊற்றாதீர்கள். கருகிய பூச்செடிகளை உடனே வெட்டவும் வேண்டாம். கருகிய கிளையே கீழுள்ள துளிருக்குப் போர்வை. பனிக்காலம் தீர்ந்தபின் வெட்டலாம்.

அடுத்து, வாயில்லாப் பிராணிகள். குளிரைக் காட்டிலும் ஈரமும் ஊதற்காற்றுமே அவற்றைக் கொல்லும். தரையில் உலர்ந்த வைக்கோலோ சருகோ கனமாகப் பரப்பி, நனைந்ததைத் தினமும் மாற்றுங்கள். காற்று அடிக்கும் பக்கத்தைச் சாக்கால் அடையுங்கள். ஆனால் கூரையடியில் திறப்பு இருக்கட்டும், இல்லாவிட்டால் மூத்திர ஆவி நெஞ்சைக் கெடுக்கும். இரவில் உலர்தீவனம் கூடுதலாக வையுங்கள். நார்த்தீவனம் செரிக்கும்போது உடம்பில் சூடு பிறக்கும். குடிக்க வெதுவெதுப்பான தண்ணீர் கொடுங்கள். பிறந்த கன்றை உடனே துடைத்து உலர்த்திச் சீம்பால் ஊட்டுங்கள். புல்லில் பனி உருகுமுன் மேய்ச்சலுக்கு ஓட்டாதீர்கள். கோழிக்கூட்டின் தரையும் உலர்ந்திருக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: மூடிய கொட்டகையிலோ படுக்கை அறையிலோ கரி அடுப்பு வைக்க வேண்டாம், வேண்டவே வேண்டாம்! அதிலிருந்து வரும் விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்கினவர் தூங்கினபடியே இறந்துபோவார். குளிருக்குப் பயந்து குடும்பத்தையே பலிகொடுக்கலாகாது.

நம் அர்ச்சியசிஷ்டவர்கள் இவற்றை அற்பமாக எண்ணவில்லை. அர்ச். பிரான்சிஸ்கு அசிசியார் பனிக்காலத்தில் தேனீக்கள் சாகாதபடி தேனும் நல்ல திராட்சை இரசமும் வைக்கச் செய்தார் என்று அவர் சரித்திரத்தை எழுதிய செலானோ ஊர் தோமாஸ் என்னும் துறவி கூறுகிறார். 1223-ஆம் ஆண்டு கிரேச்சியோவில் மாடும் கழுதையும் நிற்கப் பாலன் சேசுவின் பிறப்பைக் கொண்டாடியவரும் அவரே. அத்திருநாளில் எருதுக்கும் கழுதைக்கும் தீவனம் தாராளமாகக் கொடுக்க வேண்டும், பறவைகளுக்கு வழியெங்கும் தானியம் தூவ வேண்டும் என்பது அவர் ஆசை.

ஆகவே இந்த ஆகமன காலத்துக்கு ஒரு நற்கிரியை சொல்லுகிறேன். வருகிற ஞாயிறு பூசைக்கு வரும்போது, வீட்டில் கிடக்கும் பழைய சாக்கு, கோணி, வைக்கோல் எதையாவது கொண்டுவாருங்கள். கொட்டகை ஒழுகுகிறவர்கள், கன்று ஈன்ற பசு உடையவர்கள், எந்த மதத்தினரானாலும், உங்கள் அண்டை அயலில் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். வாலிபர்கள் அன்று மாலையே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். நானும் கூட வருவேன். எல்லாருக்கும் கொடுத்தது போக மீந்த வைக்கோலில்தான் இந்த ஆண்டு நம் குடில் கட்டப்படும். அது மெல்லியதாக இருந்தாலும் பாலன் சேசு கோபிக்கமாட்டார்.

சர்வேசுரன் உங்களையும், உங்கள் வீட்டையும், உங்கள் தொழுவத்தையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குச் சுவாமி